கல் உருட்டும் இயந்திரம்: பீப்பாயில் எவ்வளவு போடலாம்?

எலஹெரப் பக்கம் அனுமதிப்பத்திரம் பெற்ற குழிகளில் நீலக்கல்லோடு கார்னட்டும் படிகக்கல்லும் வரும். இவற்றில் விலை போகாதவற்றை உருட்டி மெருகேற்றினால் மாலைக்கு விற்கலாம். இரண்டின் கடினமும் ஏறத்தாழ 7, சேர்த்தே உருட்டலாம். நீலக்கல்லைப் போடாதீர்கள், பட்டை தீட்டுபவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் பூட்டிக் கிடந்த இயந்திரமா? வெடித்த பட்டியை மாற்றி, முதலில் வெறும் பீப்பாயை ஓடவிடுங்கள்.

மோட்டர் எரிவது அநேகமாக அவசரத்தால்தான். ஒரே தடவையில் முடிக்க விளிம்புவரை நிரப்புவார்கள். கல் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்கட்டும். கூடினால் புரள இடமில்லை, மெருகும் ஏறாது. குறைந்தால் கற்கள் விழுந்து உடையும். தண்ணீர் மேற்கல்லுக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். இயந்திரத்தில் எழுதியுள்ள எடைக்குள் கல், தண்ணீர், அரைதூள், பீப்பாய் எல்லாம் அடங்கட்டும். மூடியபின் தராசில் வைத்துப் பாருங்கள்.

கரண்ட் நின்று வந்தபின் பீப்பாய் சுழலாமல் மோட்டர் மட்டும் உறுமினால் உடனே நிறுத்துங்கள். அப்படியே விட்டால் கம்பிச்சுருள் கருகிவிடும். பாரத்தைக் குறைத்து, கையால் உருட்டிப் பார்த்தபின் மறுபடி போடுங்கள்.

கழுவிய சேற்றை வடிகாணில் ஊற்றாதீர்கள், சீமெந்துபோல் இறுகிவிடும்.