பழைய பேட்ச், புதிய வாய்ப்பு

வேலை தேடுவோருக்கு நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பேசும் அறிமுகங்களே அதிகம் உதவுவதை 1973-இல் எடுத்துக்காட்டினார் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர். தினமும் பழகுபவர்களிடம் இருப்பது பெரும்பாலும் தெரிந்த செய்திதான். புதுத் தகவல் வெளிவட்டத்திலிருந்து வரும். கூடப் படித்தவர்களும் அப்படியொரு வெளிவட்டமே; அந்தத் தொடர்பைப் பயன்படுத்தச் சில குறிப்புகள்:

● லிங்க்ட்இன் தளத்தில், படித்த கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர்களுக்கான பகுதி உண்டு. யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று அங்கே பிரித்துப் பார்க்கலாம்.

● எடுத்த எடுப்பில் வேலை கேட்க வேண்டாம். "வணக்கம் அண்ணா, நான் மெக்கானிக்கல், 2019 பேட்ச். உங்கள் துறை பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா?" என்பது போதும்.

● வாட்ஸ்அப்பில் வேலை அறிவிப்புகளுக்குத் தனிக் குழு வைப்பது நல்லது.

● பழைய நண்பர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி வந்தால், போனில் பேசி உறுதிசெய்யும்வரை அனுப்பக் கூடாது.

● படித்த அரசுப் பள்ளிக்கு உதவ நினைப்பவர்களுக்கு, 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது.