கடலோரச் சவுக்கும் பட்டணத்து அடுப்பும்

அன்புள்ள பேத்திக்கு,

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்குக் கடற்கரைச் சாலை வழியே நாம் பிரயாணம் செய்தபோது, காற்றில் ஓயாது இரைந்துகொண்டிருந்த சவுக்குத் தோப்புகளைப் பார்த்து, ‘இந்த மரங்களும் பல்லவர் காலத்தவையா, தாத்தா?’ என்று கேட்டாய். அன்று போகிற போக்கில் நான் சொன்ன விடை உன் கேள்விக்கு ஈடாகாது என்று மனம் உறுத்தியபடியால் இதை எழுதுகிறேன்.

பல்லவர் மாமல்லபுரத்துப் பாறைகளைக் குடைந்தது 7, 8ஆம் நூற்றாண்டுகளில். சவுக்கோ தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்டது. இந்தக் கரையில் அது தோப்புத் தோப்பாகப் பெருகியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே. அதற்குக் காரணம் ரயில் என்றால் உனக்கு வியப்பாக இருக்கும். 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ஓடிற்று. சீமையிலிருந்து கப்பலேறி வந்த நிலக்கரி விலை மிகுந்ததாயிருந்தமையால், என்ஜின்களுக்கு விறகையே இரையாக இட்டார்கள். அந்தப் பசிக்கும், நாளுக்கு நாள் பெருகிய சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்கும் உள்நாட்டுக் காடுகள் ஈடுகொடுக்க இயலாமற் போகவே, நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் உதவாத கடலோர மணலில் சர்க்காரும் குடியானவர்களும் சவுக்கை நடத் தலைப்பட்டனர்.

அந்த மரத்தின் இயல்பும் விசேஷமானது. நீ இலை என்று எண்ணிக் கிள்ளிப் பார்த்தது இலையன்று. கணுக்கணுவாக அமைந்த பசிய சிறுகிளை. உண்மையான இலைகள் அக்கணுக்களைச் சுற்றிப் பற்களைப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய செதில்களே. ஆகையால் உப்புக்காற்றிலும் அது தன் ஈரத்தை எளிதில் இழப்பதில்லை. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருவதால், சாரமற்ற மணலும் அதற்குப் போதும். விறகோ கனமானது, பச்சையாக இருக்கும்போதே எரிய வல்லது.

ஆனால், மரம் தானாக வளர்ந்து பொருள் தந்தது என்று எண்ணிவிடாதே. மழைக்காலத்தில் நட்ட கன்று வேரூன்றும்வரை, மணலில் துரவு தோண்டி, குடத்தால் மொண்டு ஊற்றியாக வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 4,000 கன்று. இருகையிலும் குடம் ஏந்துபவர், குடத்துக்கு இரண்டு கன்றாக ஊற்றினாலும், ஓர் ஏக்கர் நனைய 1,000 நடை நடக்க வேண்டும். அன்றியும், வெட்டிய அடியிலிருந்து வேம்பைப்போல் மீண்டும் தழைக்கும் இயல்பு இம்மரத்துக்குப் பெரும்பாலும் இல்லை. வேர்க்கட்டையையும் தோண்டியெடுத்து, அடுத்த தோப்பை முதற்குடத்திலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

வெட்டிய கட்டைகள் பட்டணம் சேர்ந்த வழி பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, பின்னர் தெற்கே மரக்காணம் வரை நீண்ட அந்த நீர்வழியில், அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பகுதி 1876-78இன் கொடிய பஞ்சத்தின்போது, பசித்த ஜனங்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு வெட்டப்பட்டது. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரும் அப்போதுதான் அதற்கு வாய்த்தது. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரைமேல் நடந்து கயிற்றால் இழுத்தும் படகோட்டிகள் கொண்டு சேர்த்த விறகு, பட்டணத்து விறகுத் தொட்டிகளில் குவிந்து, தராசில் ஏறி, வீட்டு அடுப்புகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் சாம்பலாயிற்று. நேரான கழிகள் கட்டடச் சாரமாகவும் கல்யாணப் பந்தற்காலாகவும் நின்றன. மிலாறும் சருகும் தோப்பை அடுத்த ஏழைகளின் அடுப்புக்கு ஆதாரமாயின.

இன்று படகுகள் இல்லை. வீடுகளில் எரிவாயு வந்துவிட்டது. சவுக்கு லாரியேறிக் காகித ஆலைகளுக்கும் செல்கிறது. சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் 1984 முதல் மின்சாரம் தருகிறது. முன்பு விறகு அனுப்பிய அதே கரை இன்று மின்சாரம் அனுப்புகிறது. எரிபொருள் மாறிற்றேயொழிய, பட்டணத்துக்கு இக்கரை செய்யும் உபகாரம் மாறவில்லை.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. மணல்மேடுகளை எங்கும் ஒரே மரத்தால் மூடிவிட்டால், மேட்டுக்கு உரிய அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் இடமிழக்கின்றன. அலைக்கு வெகு அருகே நட்டால், முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைக்கும் இடையூறாகிறது. எந்த உபகாரிக்கும் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

கல்லில் பெயர் பொறித்தவர்களின் சரித்திரத்தை நீ பள்ளியில் படிப்பாய். குடம் சுமந்தவர்களின் பெயரை யாரும் பொறிக்கவில்லை. ஆகவே, இனி எங்கேனும் கட்டடத்தில் சவுக்குச் சாரத்தைக் கண்டால், ஒரு கணம் நின்று அந்த ஆயிரம் நடையை எண்ணிப் பார், அம்மா.

என்றும் உன் நலம் நாடும்,
தாத்தா