தெரியாத பாடத்துக்கும் துணை நிற்கலாம்

தமிழும் வரலாறும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் ஆசிரியர்கூட, பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டினால் தயங்குவார். முழுதும் தெரிந்தவர்தான் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணமே காரணம். ஆனால் அது கட்டாயமில்லை. 1818-இல் லூவேன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்த ஜோசப் ஜாக்கடோவுக்கு மாணவர்களின் ஃபிளமிஷ் மொழி தெரியாது. அவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. 'டெலிமாக்' நாவலின் இருமொழிப் பதிப்பைக் கொடுத்து, ஒப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர்கள் பிரெஞ்சிலேயே நன்றாக எழுதிக்காட்டினார்கள். பிறகு தாம் அறியாத ஓவியத்தையும் பியானோவையும்கூட அவர் கற்பித்தார். நல்ல நூலைக் கொடுப்பதும், உழைக்க வைப்பதும், செய்ததைச் சரிபார்ப்பதும் கற்பித்தலில் பெரும்பங்கு. இம்மூன்றையும் பாடத்தில் புலமை இல்லாதவரும் செய்யலாம்.

இதற்கான முதல் படி, முந்தின நாள் தயாரிப்பு. பாடநூலின் எடுத்துக்காட்டுக் கணக்கில் தீர்வை மறைத்துவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். எந்த வரியில் தடுக்கியதோ அங்கே கோடிடுங்கள். மாணவரும் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுவார். பல ஆண்டுகள் பழகியவர் யோசிக்காமல் தாண்டிவிடும் அந்த வரி, புதிதாகப் படித்த உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். இரண்டாம் படி, மாணவரைப் பேசவைப்பது. கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த கேள்விகள் இதற்கு உதவும்: என்ன கேட்டிருக்கிறார்கள், என்ன கொடுத்திருக்கிறார்கள், இதைப் போன்ற கணக்கை முன்பு போட்டிருக்கிறோமா? விடை தெரியாமலேயே இவற்றைக் கேட்கலாம்.

மூன்றாம் படிதான் உயிர்நாடி: எதையும் சோதித்த பிறகே ஏற்பது. (a+b)² என்பதை a²+b² என்று மாணவர் எழுதினால், a=3, b=4 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. தவறு தானாக வெளிப்படும். ஆனால் ஓர் எண்ணுக்குச் சரியாக வந்துவிட்டால் மட்டும் சூத்திரம் உறுதியாகாது; பாடநூலோடும் ஒப்பிட வேண்டும். அலகையும் பாருங்கள்: வேகம் கேட்ட கணக்கில் விடை மீட்டரில் வந்தால், வழியில் எங்கோ பிசகு. நான்காம் படியாக, தீராத சந்தேகங்களை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, பள்ளி ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லி, அடுத்த வகுப்பை அந்த விடையிலிருந்தே தொடங்குங்கள்.

"தெரியாது" என்றால் மதிப்புப் போய்விடாதா என்று கேட்கலாம். தெரிந்ததுபோல் சொன்ன விடை மறுநாள் பள்ளியில் தவறென்று தெரியும்போது போகிற மதிப்புதான் திரும்பி வருவது கடினம். "இது எனக்கு உறுதியில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி, சொன்னபடி பார்த்து முடித்தால் நம்பிக்கை வளரும். தவறாகச் சொல்லிக்கொடுத்துவிடும் ஆபத்து உண்டே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதனால்தான் ஊகத்தை விளக்கமாகச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு தேவை. இந்த முறைக்கு எல்லையும் உண்டு. சரிபார்க்கும் வழியே உங்களுக்குப் பிடிபடாவிட்டாலோ, பொதுத்தேர்வு நெருங்கியும் சந்தேக நோட்டு நிரம்பிக்கொண்டே போனாலோ, பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லி அந்தப் பாடத்தை மட்டும் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள். அப்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். புதிய ஆசிரியர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.