பழைய மொறிஸுக்குப் புதிய மூச்சு

தமிழாசிரியருக்கு எந்திர ஆராய்ச்சி ஏன் என்று நகைப்பீர். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மொறிஸ் மைனர் ஓடும்வரை எம் ஆராய்ச்சியும் ஓயாது. பழைய வண்டிக்கு ரேர்போவும் எரிபொருள் உட்செலுத்தியும் பூட்டலாமோ என்று மாணாக்கர் வினவுகின்றனர்.

1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000இன் இயந்திரம் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 37 குதிரைவலுவும் உடையது. ரேர்போ, வீணே வெளியேறும் புகையின் விசையாற் சுழன்று, உருளைகளுட் காற்றைத் திணிப்பது. காற்று மிகின் பெற்றோலும் மிகல்வேண்டும்; அதனை அளந்து தெளிப்பதே உட்செலுத்தி.

இவ்வியந்திரங்களுட் பெரும்பாலானவை கலவையை முன்னரே 8.3 மடங்கு நெருக்குபவை. மேலுங் காற்றைத் திணித்தால் கலவை காலமல்லாக் காலத்திற் தானே வெடித்துப் பிஸ்ரனை உடைக்கும்; ஆதலின் நெருக்கத்தைக் குறைத்தே ரேர்போ பூட்டுவர்.

உட்செலுத்தியின் சிக்கல் இன்னுஞ் சுவையானது. உருளைகள் நான்கு, காற்றுப் புகும் வாயில்களோ இரண்டே. ஒரு வாயிலைப் பகிரும் உருளைகள் ஒன்றையடுத்து ஒன்றாய் உறிஞ்சுதலின், ஒன்றன் பங்கை மற்றது கவரும். ஓரிலையில் இருவர் உண்டாற்போல! தெளிக்குங் கணத்தைக் கணிக்க இலத்திரனியற் கருவி வேண்டும். 1980களின் முற்பகுதியில், இக்குடும்பத்து 1275 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தில் ரேர்போ பூட்டி வந்த எம்.ஜி. மெற்றோவும் காபரேற்றரைக் கைவிடவில்லை.

எம் கருத்தில் முதற்செலவு பிறேக்குக்கே. நான்கு சில்லுகளிலுமுள்ள ட்றம் பிறேக்குகள் 37 குதிரைவலுவுக்கென அமைந்தவை. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பூட்டிய பின்னரே ரேர்போவை விலை பேசுக.