தகரக் கூரையைப் பேணும் முறை

முன்னாளில் தாம்பரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் கூரை என்றால் பனையோலை, தென்னங்கீற்று, நாட்டு ஓடு ஆகியவற்றுள் ஒன்றாகவே இருந்தது. இன்று முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், மண்ணிவாக்கம் போன்ற ஊர்களில் மாட்டுத் தொழுவமும், உரமும் வைக்கோலும் வைக்கும் கொட்டகையும், கடையும், பட்டறையும் பெரும்பாலும் தகரத்தால் வேயப்படுகின்றன. ஊராட்சிகளின் பொறுப்பிலுள்ள கொட்டகைகளுள்ளும் பல இத்தகையனவே. கீற்றுக் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். ஆதலால் அதன்மேல் எப்பொழுதும் ஒரு கண் இருந்து வந்தது. தகரக் கூரையையோ போட்ட அன்றே மறந்துவிடுகிறோம். இரும்புக்கு என்ன கேடு வந்துவிடும் என்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பொருள் இழப்பையும், சிற்சில வேளைகளில் உயிர் இழப்பையும் தரக்கூடியது.

வர்தா புயல் தந்த பாடம்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிற்று. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புறநகர்ப் பகுதிகளில் கூரைத் தகடுகள் பெயர்ந்து பறந்தன. பறக்கும் தகடு வாளுக்கு நிகரானது. அது தன் உரிமையாளர் வீட்டில் விழும் என்பதில்லை. தெருவில் செல்வோர் மீதும், அடுத்த வீட்டார் மீதும், மின்கம்பியின் மீதும் விழும்.

தகடு பறப்பது ஏன்? 12 அடி நீளமும், மூன்றரை அடி அகலமும், அரை மில்லிமீட்டர் கனமும் கொண்ட ஒரு தகட்டின் எடை 20 கிலோவுக்கும் குறைவு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 68 கிலோ அழுத்தத்தை உண்டாக்க வல்லது. மேலே விரையும் காற்று தகட்டை உறிஞ்ச, திறந்த பக்கத்தின் வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து உந்துகிறது. இவ்வகையில் மேற்சொன்ன ஒரு தகட்டை 250 கிலோவுக்கும் மேற்பட்ட விசை மேல்நோக்கித் தூக்கக்கூடும். எனவே கூரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடை அன்று. திருகாணிகளும் ஜே போல்ட்டுகளுமே ஆகும். கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் சென்னை வட்டாரத்திற்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், காற்று வேகத்தை அடிப்படையாகக் கொள்ளச் சொல்கிறது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

துரு பிடிப்பது எவ்வாறு?

நாம் தகரம் என்று வழங்குவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. இப்பூச்சு முறைக்கு 1837-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான சோரெல் என்பவர் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் இரும்பை மூடி மறைப்பதோடு நில்லாமல், இரும்புக்கு முன் தானே அரிந்து அதனைக் காக்கிறது. ஆகவே சிறு கீறல் விழுந்தாலும் பூச்சு உள்ளவரையில் இரும்பு தப்புகிறது. ஆனால் இப்பூச்சு மிக மெல்லியது. இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சுள்ள நல்ல தகட்டிலுங்கூட, ஒரு புறத்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே. இது தீர்ந்ததும் செந்துரு தோன்றுகிறது.

கடற்காற்றிலுள்ள உப்பு துத்தநாகத்தை விரைந்து அரிக்கும். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் போன்ற கரையோர ஊர்களில் இக்கேடு மிகுதி. உள்ளே தாம்பரம் நோக்கி வர வரக் குறையும். மாட்டுத் தொழுவத்தில் சாணம், கோமியம் ஆகியவற்றிலிருந்து எழும் ஆவி தகட்டின் அடிப்புறத்தை அரிக்கிறது. மேற்புறத்து உப்பையும் அழுக்கையும் மழை கழுவிவிடும். அடிப்புறத்தைக் கழுவுவார் இலர். ஆதலின் வெளியிலிருந்து பார்க்கப் பளபளக்கும் கூரை, உள்ளே கீழ் விளிம்பில் துருவேறி நிற்பதுண்டு.

சோதிக்கும் முறை

ஆண்டுக்கு இருமுறை சோதித்தல் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஆவணி மாதத்தில் ஒரு முறையும், மழை ஓய்ந்த பின் தை மாதத்தில் ஒரு முறையும் பார்ப்போம்.

முதலில் கூரைமேல் ஏறாமலே சோதிக்க வேண்டும். வெயில் ஏறிய பொழுதில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், ஓட்டைகள் விண்மீன்கள்போல் ஒளிவிடும். அவ்விடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. பின்னர்க் கீழ்க்கண்ட ஐந்து இடங்களை வரிசையாகக் காண்க.

1. திருகாணிகள்: தலைக்குக் கீழுள்ள ரப்பர் வாஷர் வெடித்துள்ளதா, ஆணி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தகட்டுக்கு முன்னரே வாஷர் வெயிலில் கெட்டுப்போகிறது. ஒழுக்கும் துருவும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

2. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம்: மேலும் கீழுமாக இணையும் இடத்தில் 6 அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். பக்கவாட்டு இணைப்பின் வாய், மழை அடிக்கும் வடகிழக்குத் திசையை நோக்கித் திறந்திருத்தல் ஆகாது.

3. ஓரங்களும் முகடும்: காற்று முதலில் பற்றுவது இவற்றைத்தான். இங்கே ஆணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

4. குறுக்குச் சட்டங்கள்: மரமாயின் கறையான், உளுப்பு, இரும்பாயின் பற்றவைத்த இடங்களில் துரு. சட்டம் கெட்டால் ஆணி எவ்வளவு புதிதாயினும் பயனில்லை.

5. மழைநீர் செல்லும் வழி: வேப்பிலையும் புளிய இலையும் தேங்கினால் ஈரம் நின்று தகடு அரிக்கும். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று 100 சதுர மீட்டர் கூரை ஒன்றிலிருந்து மட்டும் 49,000 லிட்டர் நீர் இறங்கியிருக்கும். அடைபட்ட வழியில் இந்நீர் எங்கே செல்லும்?

மேலே ஏறுவது தவிர்க்க முடியாததாயின் இருவராகச் செல்க. காலை வேளையில், ரப்பர் அடி கொண்ட காலணியுடன், ஆணி வரிசை உள்ள இடத்தில், அதாவது அடியில் சட்டம் உள்ள இடத்தில், மட்டுமே கால் வைக்க வேண்டும். துருவேறிய தகட்டின் மீதும், ஆஸ்பெஸ்டாஸ், பைபர் தகடுகளின் மீதும் கால் வைத்தல் கூடவே கூடாது. மின்கம்பி கூரையைத் தொட்டாலோ உராய்ந்தாலோ, மின்வாரியப் பணியாளர் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் வரையில் எவரும் கூரையை நெருங்கலாகாது.

பழுது நீக்கல்

கெட்ட வாஷரை உடனே மாற்ற வேண்டும். ஆணித்துளை பெரிதாகியிருந்தால் அதே அளவு ஆணி பிடிக்காது, 5.5 மில்லிமீட்டர் ஆணிக்குப் பதிலாக 6.3 மில்லிமீட்டர் ஆணியை இடுக. வாஷர் பிதுங்கி வழியுமாறு முறுக்குதலும் தவறு, தளர விடுதலும் தவறு. ஜே போல்ட்டாயின், துளை நெளியின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் இருந்தால் நீர் இறங்கும். துளையிட்ட பின் விழும் இரும்புத் தூளைப் பெருக்கி அகற்றாவிடில் அதுவே துருவுக்கு வித்தாகும்.

செந்துரு கண்ட இடத்தை மட்டும் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து, துத்தநாகம் கலந்த பூச்சைப் பூசுக. நல்ல பூச்சுள்ள இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் நாமே காவலை அழித்தவராவோம். துத்தநாகத்தின் மேல் எண்ணெய்ப் பெயிண்டை நேரே அடித்தால் நாளடைவில் உரிந்துவிடும். அதற்குரிய அடிப்பூச்சு முதலில் தேவை. ஓட்டையை அடைக்கச் சிமெண்டுக் கலவையை அப்பும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். அது விரிசல் கண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். அலுமினியம் கலந்த பூச்சுள்ள புதுவகைத் தகடுகளை அரிக்கவும் செய்யும். அழுத்தினால் உள்வாங்கும் தகட்டை ஒட்டுப்போட்டுக் காலம் கடத்தாமல் மாற்றிவிடுவதே நன்று. கழற்றிய பழந்தகட்டைக் கூரைமேல் கல் வைத்து விடுவது பெருந்தீங்கு. புயலில் கல்லும் தகடும் சேர்ந்தே விழும்.

ஊராட்சி செய்யத்தக்கது

ஊராட்சிப் பொறுப்பிலுள்ள தகரக் கூரைகள் அனைத்துக்கும் ஒரு பதிவேடு வைத்துக்கொள்வோம். கட்டிய ஆண்டு, தகட்டின் கனம், கடைசியாகச் சோதித்த நாள், மாற்றிய ஆணிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கு குறிப்புகள் போதும். ஆகஸ்டு 15-ஆம் நாள் கூடும் கிராம சபையில் இதனைப் படித்துக் காட்டினால், மழைக்கு முன் பழுது நீக்க இரண்டு மாத அவகாசம் கிடைக்கும். அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் சபையில் வேலை முடிந்ததா என்று கேட்கலாம். தனியார் கொட்டகைகளில் ஆடிக்கொண்டிருக்கும் தகடுகளையும் அண்டை அயலார் அன்புடன் எடுத்துச் சொல்லலாம். அவை பறந்தால் அனைவருக்கும் கேடு அன்றோ?

கூரை ஒரே நாளில் கெடுவதில்லை. ஓர் ஆணியில் தொடங்கி, ஓர் ஓரத்தில் பரவி, ஒரு புயல் நாளில் முடிகிறது. தொடக்கத்தில் சில ரூபாய் வாஷரோடு தீரும் வேலை, முடிவில் கூரை முழுவதையும் கேட்கும். ஆவணியில் ஓர் அரை நாள் ஏணியும் சுண்ணக்கட்டியுமாக நாம் செலவிட்டால், கார்த்திகை இரவில் காற்று இரையும்போது மாடும் மனிதரும் அச்சமின்றி உறங்கலாம்.