மெழுகுக்குள் மறைந்த கிருமியை உடல் அறிவது எப்படி?



காசநோய் வார்டில் கட்டிலருகே உட்கார்ந்து பேசும்போது, "ஐயா, இத்தனை நாள் இந்தக் கிருமி என் நெஞ்சுக்குள் இருந்திருக்கிறதே, என் உடம்புக்கு அது தெரியாமலா போயிற்று?" என்று சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1882-ம் ஆண்டு ராபர்ட் காக் கண்டுபிடித்த காசநோய்க் கிருமியின் மேல் மெழுகு போன்ற கனத்த போர்வை உண்டு. மைக்கோலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்பு அதில் முக்கியமானது. நம் இரத்தத்திலுள்ள டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள்தாம் இக்கிருமியை எதிர்க்கும் படையை நடத்துகின்றன. ஆனால் அவை தாமாகக் கிருமியைக் காண்பதில்லை. வேறொரு செல் கிருமியை விழுங்கி, அதன் துணுக்கைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்ட வேண்டும். டி செல்லின் ஏற்பி அதைத் தொட்டு அறியும்.

புரதத் துணுக்குகளை மட்டுமே இப்படிக் காட்ட முடியும் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 1994-ல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், சி.டி.1பி என்னும் மூலக்கூறு மைக்கோலிக் அமிலத்தையும் ஏந்திக் காட்டுகிறது என்று நிரூபித்தார்கள்.

ஏற்பி இதை அறியும் விதங்களில் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, சி.டி.1பி. அகல் விளக்கில் திரி எண்ணெயில் மூழ்கியிருக்க நுனி மட்டும் வெளியே தெரிவதுபோல, கொழுப்பின் நீண்ட வால் இம்மூலக்கூறின் குழிக்குள் மறைந்துவிடும். சர்க்கரையாலான தலை மட்டும் வெளியே நிற்கும். காசநோய்க் கிருமியின் இத்தகைய கொழுப்பு ஒன்றின் தலையை ஏற்பி இடுக்கிபோல் இருபுறமும் பற்றுகிறது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாவது, சி.டி.1டி. கடற்பஞ்சு ஒன்றின் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த கொழுப்பை இது ஏந்தும்போது, ஏற்பி ஒரு பக்கமாய் அமர்ந்து, சர்க்கரைத் தலையையும் ஏந்தும் மூலக்கூறையும் சேர்த்தே தொடுகிறது. இவ்வமைப்பு 2007-ல் தெரியவந்தது.

மூன்றாவது, நம் தோலில் மிகுந்துள்ள சி.டி.1ஏ. இங்கே சில ஏற்பிகள் கொழுப்பைத் தொடுவதே இல்லை. ஏந்தும் மூலக்கூறையே பற்றுகின்றன. தோலின் எண்ணெய்கள் முழுவதும் உள்ளே அடங்கிவிடுவதால் தடையில்லை. பெரிய தலையுள்ள கொழுப்பு வந்தாலோ வழி மறிக்கப்படுகிறது. இது 2015-ல் விளங்கியது.

இதனால் நமக்கென்ன? புரதத் துணுக்குகளை ஏந்தும் மூலக்கூறுகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். சி.டி.1 மூலக்கூறுகளோ எல்லா மனிதரிடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கிருமியின் கொழுப்பைக் கொண்டு ஒரு தடுப்பூசி உருவானால், அது எல்லா இனத்தாருக்கும் ஒன்றுபோல் உதவக்கூடும் என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை. 1921 முதல் வழங்கப்படும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் நோயை அவ்வளவாகத் தடுப்பதில்லை. 2023-ல் மட்டும் இந்நோயால் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். புதிய தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை.

எனவே அந்த நோயாளிக்கு நாங்கள் சொல்லும் பதில் இதுதான்: "உங்கள் உடம்புக்குத் தெரியும். அது சும்மா இருக்கவில்லை. ஆனால் பகைவனை அறிவது வேறு, வெல்வது வேறு. வெல்லும்வரை அதற்குத் துணை வேண்டும். மாத்திரையை ஒரு நாளும் விடாமல், முடிவுவரை சாப்பிடுங்கள்."