புதுச் சாதனம், தளமாற்றம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க்காரர்கள் இன்று அதை இணையத்திலேயே ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள். எழுத்துக்கும் இந்த மண்ணில் குறைவில்லை. இடைசெவலின் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும், உருளைகுடியின் சோ.தர்மனும் எழுதிய கரிசலில், கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பார்த்துத் தாங்களும் சொலவடைகளையும் பழைய படங்களையும் சொந்தத் தளங்களில் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். புதுப் போனோ லேப்டாப்போ வாங்கும்போதும், தளத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போதும் இவர்களிடம் சில நம்பிக்கைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. பல வருட உழைப்பைக் காவு வாங்கக்கூடிய நம்பிக்கைகள் அவை.

“நெட்ல ஏத்தியாச்சுல்ல, இனி அழியாது.”

அழியும். உலகம் முழுக்கப் பலருடைய முதல் இணையப் பக்கங்களைத் தாங்கி நின்ற ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பரில் போயின. நமக்கு நெருக்கமான உதாரணம் இன்னொன்று உண்டு. பிளாகரில் எழுதியவர்களின் பக்கங்களை 2012 முதல் இந்திய வாசகர்களுக்கு பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரியில் கூகுள் காட்டியது. பலரும் அந்த முகவரியையே நண்பர்களுக்கு அனுப்பினார்கள், கட்டுரைகளில் சுட்டினார்கள். 2020-ல் அந்தப் பெயர் கூகுளின் கையை விட்டுப்போய் வேறு யாரோ பதிவு செய்துகொண்டார்கள். எழுதியவை பிளாக்ஸ்பாட்.காமில் அப்படியே இருந்தன. ஆனால் இன் என்று முடிந்த பழைய சுட்டிகள் போய்ச் சேர வேண்டிய இடம் இல்லாமல் போயின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஒரு பெயர் நழுவுகிறது.

1996-லிருந்து இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்கைவ் பெரிய புண்ணியம்தான். ஆனால் அதன் நிரல் வந்து எட்டிப் பார்த்த பக்கம் மட்டுமே அங்கே இருக்கும். அதை நம்பி நாம் சும்மா இருந்துவிடக் கூடாது.

“டொமைன் வாங்கிட்டேன், அது என் சொத்து.”

அது குத்தகை. பொதுவாக ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதிய முடியும். தவணை தவறினால் சில வாரச் சலுகைக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நம்மூரில் இதைவிடப் பெரிய சிக்கல், தளம் செய்துகொடுத்த தம்பி தன்னுடைய மின்னஞ்சலிலேயே டொமைனைப் பதிந்துவிட்டு வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவது. அவர் மேல் தப்பில்லை. பதிவு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்று தளத்துக்குச் சொந்தக்காரர்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

“தளத்தை மாத்துனா கூகுள்ல காணாமப் போயிரும்.”

முறையாகச் செய்தால் போகாது. டொமைன் அதேதான், சர்வர் மட்டும் மாறுகிறது என்றால் பயப்பட எதுவுமே இல்லை. பக்க முகவரிகள் மாறும்போதுதான் கவனம் வேண்டும். பழைய முகவரிக்கு வருபவரைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட 301 என்ற ஏற்பாடு உண்டு. அதைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எல்லாவற்றையும் புது முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது போதாது. ஒவ்வொரு பழைய பக்கமும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கே போக வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே தனித் தொல்லை இருக்கிறது. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாகர் அதை முகவரியில் சேர்ப்பதில்லை. வெறும் ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டு, பின்னால் எண் ஒட்டிவிடும். வேர்ட்பிரஸோ தமிழையே முகவரியாக வைக்கும், ஆனால் தலைப்புக்கு 200 இடம்தான் தரும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி) அதில் 9 இடத்தைப் பிடிக்கிறது. ‘கோவில்பட்டி’ என்று எழுத 11 குறியீடுகள் வேண்டும். அந்த ஒரு சொல்லே 99 இடத்தை அடைத்துக்கொள்ளும். நீளத் தலைப்பு பாதியில் அறுந்துபோவது இதனால்தான். மாற்றும்போது ஆங்கில எழுத்தில் சின்ன முகவரி ஒன்றை நாமே கொடுத்துவிடுவது நல்லது.

“எழுத்து உடைஞ்சிருச்சு, எல்லாம் போச்சு.”

தளத்தை மாற்றியதும் தமிழ் இருந்த இடத்தில் தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ஒரு ‘ஆர்’ என வரிவரியாக வந்து நிற்கும். பார்த்ததும் வயிறு கலங்கும். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டாகப் பதிவாகிறது. புது சர்வர் அந்த மூன்றையும் மூன்று தனி ஐரோப்பிய எழுத்தாக வாசிக்கிறது, அவ்வளவுதான். தரவுத்தளத்தின் எழுத்துமுறை அமைப்பைச் சரிசெய்தால் தமிழ் திரும்பிவிடும். உடைந்த நிலையிலேயே திருத்திச் சேமித்தால்தான் உண்மையிலேயே போகும். அந்த நேரத்தில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

பாமினி, டிஸ்கி, டாப் என்ற பழைய எழுத்துமுறைகளின் காலத்துக் கோப்புகளின் கதை வேறு. தமிழக அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் தட்டச்சு செய்தவை இன்னும் பழைய கணினிகளில் தூங்குகின்றன. இலவச மாற்றிகள் இருக்கும்போதே யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

“பென்டிரைவ்ல போட்டு பீரோவுல வச்சிருக்கேன்.”

நம்மூர் வெயிலை மறந்துவிட்டுச் சொல்லும் பேச்சு. பென்டிரைவும் எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனமும் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தித்தான் தகவலை வைத்திருக்கின்றன. சூடு ஏற ஏற அது வேகமாகக் கசியும். எழுதி எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதே தொழில்துறையின் அளவுகோல். கத்திரி வெயிலில் கோவில்பட்டித் தகரக் கூரை வீட்டு பீரோ 30 டிகிரியிலா இருக்கும்? குறைந்தது இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள், வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

போனுக்கும் வெயில்தான் எதிரி. ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்தால் பேட்டரி வெடிக்கும் என்ற பயம் தேவையில்லை. நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவதும், பைக் கைப்பிடியில் மாட்டி மத்தியான வெயிலில் ஓட்டுவதும்தான் பேட்டரியைத் தின்கின்றன. 35 டிகிரி வரை பயன்படுத்தவே ஐபோன் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்கிறது ஆப்பிள்.

புதுப் போன் வாங்கும்போது காதில் விழும் இன்னொன்று, மெகாபிக்சல் கூடினால் படம் நன்றாக வரும் என்பது. அதுவும் பாதி உண்மைதான். எத்தனை மெகாபிக்சலில் எடுத்தாலும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

“எக்ஸ்போர்ட் எடுத்துட்டேன், எல்லாம் இருக்கு.”

பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டும் தரும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும். படங்களுக்கு முகவரிதான் இருக்கும், படம் இருக்காது. பழைய இடத்தை மூடிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. தளம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே உட்கார்ந்து படங்களைத் தனியாக இறக்கிவையுங்கள். டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.